தகடு துடைக்கப் போனவளும் நீயும்

என் அன்பு றீற்றாவுக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன கடிதம் என்று நினைத்தேன். இப்போது எழுத வைத்தது நம்முடைய ஃபாதர்தான். பங்குச் சஞ்சிகைக்கு ஒரு புத்தக விமர்சனம் வேண்டுமாம். "கிறிஸ்தவ ஒழுக்கப் பார்வையில் ஒரு விஞ்ஞான நாவல்" என்று தலைப்பையும் அவரே தந்துவிட்டார். ஓ.எல். சோதனை இரண்டு தரம் எழுதியும் கணக்கு வராத ஒருத்தனிடம், ஆமர் வீதியில் பைப்பும் தண்ணி டப்பும் விற்கிறவனிடம் கேட்கிற வேலையா இது, சொல்லு?

"இந்நாவலானது" என்று தொடங்கினேன். அதற்கு மேல் அது ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் யோசித்தேன், உன்னிடம் சொல்கிற மாதிரி எழுதினால் வரும் என்று. சஞ்சிகை வாசிக்கிற சனம் பக்கத்தில் நின்று கேட்கட்டும். எமல்டா அக்காவும் கேட்பா. கேட்கட்டும். ஷமினியிடமும் கேட்டுவிட்டேன், வீட்டுக் கதையை எழுதலாமா என்று. "எழுதுங்கோ அப்பா, ஆனால் நீட்டாதீங்கோ" என்றாள். உன் மகள்தானே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் கோபம். கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுவந்த நாளிலும் கோபத்தோடுதான் கொளுத்தினேன். காற்றுக்கு அது மூன்று தரம் அணைந்தது. நீதான் ஊதுகிறாய் என்று நினைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்மஸ் ஒளி விழாவில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பரிசுப் புத்தகத்தை, அந்த வருஷம் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் பொறுப்பெடுக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். முன்பக்கத்துக்கு உள்ளே இறந்தவரின் படம், பேர், அன்பு நினைவாக என்று ஒரு வரி. எத்தனை வருஷம் அந்தத் தெரிவுக் குழுவில் இருந்தாய் நீ. பேய் வருகிற புத்தகம், காதல் வருகிற புத்தகம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினவள். இந்த முறை உன் படம் ஒட்டுகிற முறை எங்களுக்கு வந்தது.

புத்தகத்தைத் தெரிவுசெய்தவள் ஷமினி. வெள்ளவத்தையில் அவளுடைய ஒஃபிஸுக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் ஓடர் கொடுத்து, பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தது. அட்டையில் நட்சத்திரமும் ஒரு இரும்பு வீடும். என்ன கதை என்று கேட்டேன். "வேற கிரகத்தில மாட்டுப்பட்ட ஆக்கள் உயிர் தப்புற கதை அப்பா. வாசிச்சுப் பாருங்கோவன்" என்றாள். வலது கண்ணில் எனக்கு வெள்ளை படர்ந்துவிட்டது. ஒப்பரேஷன் செய்யச் சொல்லி டொக்டர் சொல்லி எவ்வளவு காலம். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பிள்ளை லீவு கேட்டு வைத்தாள். நான்தான், உன் வருஷப் பூசை முடியட்டும், மழை முடியட்டும், கிறிஸ்மஸ் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டு போகிறேன். அதனால் வாசிக்கவில்லை. உன் படம் நல்லா விழுந்திருந்தது. அது போதும் என்று ஒட்டத் தொடங்கினேன்.

எதால் ஒட்டினேன் என்று கேட்காதே. சரி, கேள். கடையில் பைப் மூட்டுக்குப் பூசுகிற கம். வீட்டில் வேறு பசை இருக்கவில்லை. ஒரு பிடிப்புப் பிடித்தது பார், கோட்டை மாதிரி. வீடு முழுக்க அந்த நாற்றம். யன்னலைத் திறந்துவிட்டு ஷமினி என்னைப் பார்த்த பார்வை, அது அப்படியே உன்னுடையது.

எல்லாம் ஒட்டி முடித்து மறைக்கல்வி அறையில் கொண்டுபோய் அடுக்கின பிறகு, எமல்டா அக்காவிடமிருந்து கோல் வந்தது. குழுவில் உன்னுடைய கதிரையில் இப்போது அவதான். தம்பி, நீர் இந்தப் புத்தகத்தை வாசிச்சனீரா என்று கேட்டா. ஓம் என்று சொல்லப் போய், நல்ல காலம், இல்லை என்றேன். இதில் ஒரு தாய் தன் உயிரைத் தானே மாய்க்கிறாள், அதை எழுத்தாளர் புகழ்ந்து தள்ளியிருக்கிறார், றீற்றாவின் படத்தோடு இதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க முடியுமா என்று கேட்டா. படத்தைக் கழற்றிவிட்டு புத்தகத்தை வேறு எங்காவது கொடுப்போம் என்றா. அக்கா, அது கழராது என்றேன். ஏன் என்றா. பைப்புக்குப் பூசுகிறது என்றேன். அப்போ கூட்டம் வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்றா.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கூட்டம். புத்தகம் கொடுத்தவர் என்ற முறையில் நான் வந்து என் கருத்தைச் சொல்ல வேண்டுமாம். என் கருத்து! வீட்டில் எந்த மீன் வாங்குவது என்பதற்கே என் கருத்தை யாரும் கேட்டதில்லை.

அப்படித்தான் வாசிக்க உட்கார்ந்தேன். எமல்டா அக்கா வாசித்த பிரதியையே வாங்கிக்கொண்டு, இடது கண்ணும் ஒரு பூதக்கண்ணாடியுமாக. நான் வாசித்துக் காட்டட்டா அப்பா என்று ஷமினி இரண்டு மூன்று தரம் வந்து நின்றாள். வேண்டாம், எனக்கு ஏலும் என்றேன்.

கதை இதுதான். பேர் வாயில் நுழையாத ஒரு கிரகம். விண்கப்பல் பழுதாகி ஒரு சின்னக் கூட்டம் அங்கே மாட்டுப்படுகிறது. துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கிற கொண்டெய்னர் மாதிரி ஒரு இரும்பு வீடு. வெளியே மூச்சுவிடக் காற்று இல்லை. உள்ளே ஒரு யந்திரம் காற்றைச் சுத்தம் செய்கிறது. அது வெயிலில் கரண்ட் எடுக்கிற தகட்டில் ஓடுகிறது. தகட்டில் எந்நேரமும் தூசி. காப்பாற்ற வேறு கப்பல் வரும், ஆனால் சுணங்கும். இருக்கிற காற்று எல்லோருக்கும் காணாது. ஒருவர் குறைந்தால் காணும்.

நான் வாசித்தது மறைக்கல்விப் பரீட்சை திருத்துகிற மாதிரி. கப்பித்தான் மற்றவர்களுக்குத் தெரியாமல் பிஸ்கட் எடுத்து ஒளித்து வைக்கிறான், ஏழாம் கட்டளை போச்சு. ஒரு இளம் சோடி ஒரே போர்வைக்குள் படுக்கிறது. எமல்டா அக்கா அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தா. ஆனால் அந்தக் குளிரில் ஆறாம் கட்டளையை மீறவும் ஆளுக்குத் தெம்பு வேண்டாமா? அதற்கு நான் மாக்ஸ் குறைக்கவில்லை. ஆனால் ஒன்றுக்குக் கட்டாயம் குறைத்தேன். அவ்வளவு பேரும் சாகக் கிடக்கிறார்கள், ஒருத்தராவது "ஆண்டவரே" என்று சொல்லவில்லை. கடையில் ஒரு டப் உடைந்தாலே நான் எல்லாப் புனிதரையும் கூப்பிடுகிறவன். இவர்கள் காற்று முடிகிற நேரத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தாயும் வளர்ந்த மகளும். ஒரு காலை அந்தத் தாய் எழும்புகிறாள், எல்லோருக்கும் தேத்தண்ணி மாதிரி ஏதோ ஒன்று ஊற்றி வைக்கிறாள், வெளியே போகிற உடுப்பை மாட்டுகிறாள். மகளிடம், தகட்டைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்கிறாள். போகிறாள். வரவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு போக வேண்டிய காற்றுச் சிலிண்டர் உள்ளேயே, மூலையில், துணி மூடினபடி இருக்கிறது. அதை மகள்தான் காண்கிறாள்.

அந்த இடத்தில் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். கடைசி அத்தியாயம் மிச்சம். கண் ஏலாமல் போனது என்று ஷமினிக்குச் சொன்னேன். கண்ணும்தான்.

நீ இப்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருப்பாய். திருப்பாதே. நானும் இன்றைக்கு முழுவதையும் சொல்லத்தான் போகிறேன்.

உன் கிட்னி இரண்டும் போன பிறகு, பிள்ளை தன்னுடையதைத் தருகிறேன் என்று நின்றாள். சோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். முடிவு கேட்க நீதான் தனியாகப் போனாய், பிள்ளைக்கு ஒஃபிஸ், எனக்குக் கடை என்று சொல்லி. வந்து கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, "பொருந்தேல்லையாம்" என்றாய். அவ்வளவுதான். பிறகு குசினிக்குப் போய் மீன் வெட்டினாய். நாங்களும் நம்பினோம். டயலிசிஸுக்குப் போனாய், வந்தாய், போனாய். ஒருநாள் வரவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் செபத்துக்கு, உன்னைக் கவனித்த நேர்ஸ் பிள்ளை வந்தது. அதுவும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைதானே, எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கதைத்தது. மகளுடையது நல்லாப் பொருந்தியது, அம்மாதான் வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டா, மகள் இனித்தான் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற இருக்கிறாள் என்று சொன்னா, அப்படி ஒரு தாய் என்று கண்ணைத் துடைத்தது. ஷமினி தேத்தண்ணித் தட்டோடு அங்கேயே நின்றாள். ஒரு கோப்பையும் விழவில்லை. அவள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்றையிலிருந்து அவளும் நானும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. சோறு, கரண்ட் பில், பஸ், மழை. இவ்வளவையும் கதைத்தோம். அதைத் தவிர.

கூட்டத்துக்கு வருகிறேன். ஃபாதர், எமல்டா அக்கா, குழுவில் இன்னும் சில பேர், பின் வரிசை வாங்கில் ஷமினி. எமல்டா அக்கா சும்மா கத்துகிற ஆள் என்றுதான் நான் போனேன். ஆனால் அவ எழும்பிச் சொன்னது என்னைப் பிடித்து உலுப்பிவிட்டது.

"நான் கதையைக் குறை சொல்லேல்ல ஃபாதர். எங்கட வகுப்பில ஒரு பிள்ளை இருக்கும், வீட்டுக்குத் தான் ஒரு பாரம் எண்டு நினைச்சுக்கொண்டு. அது இந்தப் புத்தகத்தை வாசிச்சிட்டு, நான் போனால் மற்றவை நல்லா மூச்சு விடுவினம் எண்டு நினைச்சால், ஆர் பொறுப்பு?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன். வீட்டில் பாடமாக்கி வைத்த வசனம் ஒன்று இருந்தது, நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்கிற மாதிரி. அதைச் சொல்லி உன் படத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்காரலாம் என்பதுதான் திட்டம். வாயைத் திறந்தால் வேறு ஒன்று வருகிறது.

அந்தத் தாய் செய்தது, கொலை செய்யாதே என்கிற ஐந்தாம் கட்டளைக்குள் வருமா வராதா என்று தீர்க்க எனக்குப் படிப்பு இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த வேதபாடம் எல்லாம் நம்முடைய கோவில் சுவரில் தொங்குகிற சிலுவைப்பாதைப் படங்கள்தான். தபசு காலத்தில் சிலுவை தூக்க ஆள் இல்லாவிட்டால் என்னைத்தானே கூப்பிடுவார்கள். அதில் ஐந்தாம் ஸ்தலத்தில் என்ன நடக்கிறது? வயலிலிருந்து வந்த ஒருத்தன் ஆண்டவரின் சிலுவைக்குத் தோள் கொடுக்கிறான்.

அப்படிச் சொல்லிவிட்டுச் சொன்னேன்: "உலகத்தை மீட்க வந்தவரே ஒரு ஆளைக் கை குடுக்க விட்டவர். இந்த மனுசி ஒருத்தரையும் விடேல்ல. உயிரைக் குடுத்தது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஒருத்தருக்கும் சொல்லாமல், துடைச்சிட்டு வாறன் எண்டு பொய் சொல்லிட்டுப் போனதுதான் பிழை. கேட்டிருந்தால் அந்த மகள் என்ன சொல்லியிருப்பாள் எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது."

எமல்டா அக்கா விடுவாவா? "தம்பி, அந்த ஆளைச் சேவகர் பலவந்தமாப் பிடிச்சவை. கேட்டுச் செய்தது இல்லை" என்றா.

"ஓம் அக்கா. ஆனால் அவர் வேண்டாம், எனக்கு ஏலும் எண்டு சொல்லேல்லையே."

சொல்லி முடிந்த பிறகுதான் காதில் விழுந்தது. வேண்டாம், எனக்கு ஏலும். அதை நான் எங்கே கேட்டேன்? பூதக்கண்ணாடியோடு இருந்துகொண்டு, என் வாயிலிருந்துதான். பின் வாங்கைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. ஒரு அம்மா, இவர் புத்தகத்துக்குச் சார்பா எதிரா என்று பக்கத்தில் கேட்டது எனக்கே கேட்டது. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஃபாதர் நடுவில் ஒரு வழி எடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரிய வகுப்புக்குக் கொடுப்போம், ஆனால் சும்மா கையில் கொடுத்து அனுப்பாமல், உட்காரவைத்துக் கதைத்துக் கொடுப்போம், பாரமாக இருக்கிறோம் என்று யாருக்காவது மனதில் இருந்தால் அதைச் சொல்ல ஒரு இடம் என்று அந்த வகுப்பு இருக்கட்டும் என்றார். கதைக்க என்னையும் வரச் சொன்னார். எமல்டா அக்காவும் ஒத்துக்கொண்டா. போகும்போது என்னிடம் வந்து, "கதைக்கிறதெண்டால் சுருக்கமாக் கதையும்" என்றா. பிறகு புத்தகத்தைத் திறந்து உன் படத்தை ஒருதரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஒட்டியிருக்கு" என்றா. உன் கதிரையில் அவ இருப்பது எனக்கு இனிக் கரைச்சல் இல்லை.

வீட்டுக்கு நடந்துதான் திரும்பினோம். அந்தோனியார் கோவில் பக்கம் போகிற சனத்துக்குள்ளே நானும் ஷமினியும் முன்னும் பின்னுமாக வந்தோம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தாள்.

"இது பிள்ளையளுக்கு எண்டு நான் எடுக்கேல்ல அப்பா. நீங்க வாசிப்பீங்க எண்டுதான் எடுத்தனான். வாசிக்காமலே ஒட்டிப்போட்டீங்க."

பிறகு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "சோதனை முடிவு கேட்க அண்டைக்கு நானும் அம்மாவோட போயிருக்கோணும் எண்டு நினைக்கிறீங்களா?"

ஒரு வருஷமாக என் பிள்ளை இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், றீற்றா. நான் உன்மேல் கோபமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்ததை, அவள் தன்மேல் கோபம் என்று எடுத்திருக்கிறாள். அவளுடைய உடம்பில் ஒரு வெட்டுக் காயம் வரக்கூடாது என்று நீ செய்தாய். வந்த காயத்தை நீ பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, பக்கத்திலேயே இருந்துகொண்டு. உன்னிடம் நான் சண்டை பிடிக்கிறது இதற்குத்தான். கிட்னிக்கு இல்லை. நீ வேண்டாம் என்று சொல்லலாம், அது உன் உடம்பு, சாவைக் கூப்பிட்டதாக அதை எந்தக் கோவிலும் சொல்லாது என்று ஃபாதரும் எனக்குச் சொல்லிவிட்டார். ஆனால் ஏன் எங்களை வெளியே வைத்தாய்? நாங்கள் மூன்று பேரும் இருந்து அழுது, சண்டை பிடித்து, கடைசியில் உன் சொல்லே வென்றிருக்கும். எப்போதும் அதுதானே வெல்கிறது. அந்தச் சண்டையையாவது எங்களுக்குத் தந்திருக்கலாமே.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "உன்னில ஒரு பிழையும் இல்லை. எனக்குக் கோவம் கொம்மாவில." அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும்தான் அப்பா என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உன்னைத் திட்டினோம். நல்லா இருந்தது.

பிறகு, கடைசி அத்தியாயத்தை வாசிக்கட்டா என்று கேட்டாள். வாசி என்றேன். அவள் குரல் உன்னுடையதைவிடக் கொஞ்சம் மெல்லிசு.

ஓம், கடைசி அத்தியாயம் தெரியாமலே தீர்ப்புச் சொன்னவன் உன் மனுசன். அதில் என்ன நடக்கிறது தெரியுமா? கப்பல் வந்து எல்லோரும் தப்புகிறார்கள். கன காலத்துக்குப் பிறகு மகள் திரும்ப அந்தக் கிரகத்துக்குப் போகிறாள், தாயைத் தேடி. தகடுகள் எல்லாம் துடைத்துக் கிடக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை, பழையபடி தூசி. தாய் அங்கே இல்லை. இரும்பு வீட்டுக்குப் பின்னால், யாரும் பாவிக்காத கதவின் வெளிப்பக்கம், கதவில் முதுகு சாய்த்தபடி இருக்கிறாள். திரும்பி வந்திருக்கிறாள், றீற்றா. கதவு வரைக்கும் வந்திருக்கிறாள். தட்டவில்லை.

ஷமினி புத்தகத்தை மூடினாள். நாங்கள் இரண்டு பேரும் நம்முடைய வாசல் கதவைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நீயும் வந்தாயா? டயலிசிஸ் முடிந்து வந்து, சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டுவிட்டு, என்ன என்று நான் கேட்டால் ஒன்றுமில்லை என்பாயே. அதுதானா? நான் பேப்பரை விலக்கி இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி நான் சொன்ன தீர்ப்பில் பாதியைத் திரும்ப எடுக்கிறேன். மற்றப் பாதி அப்படியே இருக்கட்டும். நேரில் வந்து சண்டை பிடிக்க எனக்கும் ஒரு சாட்டு வேண்டாமா.

ஆகவே, ஃபாதர் கேட்ட விமர்சனம் இதுதான்: புத்தகம் நல்லது. தனியே வாசிக்கக் கூடாது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கண் ஒப்பரேஷனுக்கு நாள் எடுத்தாயிற்று, கிறிஸ்மஸுக்கு முந்தியே. ஷமினிதான் கூட்டிக்கொண்டு போவாள். கட்டு அவிழ்த்த பிறகு அவள்தான் மருந்து விடுவாளாம். ஐந்தாம் ஸ்தலத்துக்கு அடுத்த ஸ்தலத்தில் ஒரு பெண் துணியோடு வந்து நிற்க, ஆண்டவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் இல்லையா? அவள் மருந்துக் குப்பியோடு வரும்போது நானும் அப்படி நிற்பேன். எனக்கு ஏலும் என்று சொல்லமாட்டேன்.

நீ ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத
உன் மனுசன்,
ஷமினியின் அப்பா